ஏழரைத் தலை உயரம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

சுண்டு எழுதுகிறேன். இங்கே என் கழுத்து ஒன்றைத் தவிர எல்லாம் சுகம். கழுத்துக்கு என்ன வந்தது என்பதுதான் இந்தக் கடிதமே.

எங்கள் பெயர்ப்பலகைக் கடைக்குப் பின்தெருவில் புதிதாக ஒரு விளையாட்டு அரங்கம் கட்டுகிறார்கள். அதன் வெளிச்சுவர் அறுபது அடி நீளம். அதில் எட்டு விளையாட்டு வீரர்களை வரைய வேண்டும் என்று அரங்கத்து எஞ்சினியர் கடைக்கு வந்தார். எங்கள் கடையில் எழுத்தெல்லாம் நான், ஆளெல்லாம் என் கூட்டாளி என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டாளி போன மாதம் கணவருக்கு மாற்றல் ஆகி ஊரைவிட்டே போய்விட்டாள். எஞ்சினியர், "ஆள் படம் யாரும்மா வரைவாங்க?" என்று கேட்டார். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டா பேசுகிறது! "எழுத்தும் நான்தான் சார், ஆளும் நான்தான்" என்று சொல்லிவிட்டது. அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி, ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். இப்போது அந்தக் காலையே எனக்கு வரையத் தெரியவில்லை.

தினமும் சுவருக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்க்கிறேன். அதுதான் கழுத்து வலி. பயமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. பதினைந்து வருஷமாகக் கடைப் பெயரும் வண்டி நம்பரும் எழுதிய கைக்கு அறுபது அடிச் சுவர்! மார்ச் முதல் வாரத்தில் மாதிரிப் படங்களை எஞ்சினியரிடம் காட்ட வேண்டும். ஜூனில் திறப்பு.

எட்டு பேரையும் ஒரு தடவை வரைந்து பார்த்தேன். அரங்கத்துக் காவலாளி எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா எல்லாரும் ஏன் குளிர்ல நிக்கிற மாதிரி பாக்கெட்ல கைய வச்சிருக்காங்க?" என்றார். கை வரைய வராது அண்ணி, அதனால் ஒளித்து வைத்தேன். கால்பந்து ஆடுகிறவன் பாக்கெட்டில் கை வைத்தால் சமாளிக்கலாம். கைப்பந்து ஆடுகிறவளுக்கு என்ன செய்ய?

நீங்கள் தினமும் பத்துப் பேருடைய எலும்பையும் தசையையும் பிடித்துச் சரிசெய்கிற பிசியோதெரபிஸ்ட். எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? போனில் முழங்கையை எப்படிக் காட்டுவது! அதனால் படங்களையே இத்துடன் அனுப்புகிறேன். சிவப்புப் பென்சிலால் இரக்கம் பார்க்காமல் திருத்தி அனுப்புங்கள்.

அண்ணன் எப்படி இருக்கிறான்? என் படங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
சுண்டு


ஜனவரி 21

அன்புள்ள சுண்டுவுக்கு,

கழுத்துக்கு முதலில் வைத்தியம்: அண்ணாந்து பார்க்காதே, பின்னால் தள்ளி நின்று பார். மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். உன் படங்களைப் பார்த்த பிறகு இன்னும் நன்றாக இருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்தேன். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டாள்.

கோபித்துக்கொள்ளாதே. சிவப்புப் பென்சில் பாதி தீர்ந்துவிட்டது. முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன்.

உன் ஆட்களுக்குத் தலை பெரிது. எல்லோரும் ஐந்து வயதுக் குழந்தைகளாக, மீசை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வளர்ந்த மனிதர் தன் தலையைப் போல ஏழரை மடங்கு உயரம். ஏழரை என்றதும் பயப்படாதே, இது நல்ல ஏழரை. கைச்சாண் கணக்கில் எட்டு, எண்சாண் உடம்பு என்று சும்மா சொல்லவில்லை. நேற்று சுவரில் சாய்ந்து நின்று உச்சியில் ஒரு கோடு போட்டு, என் சாணாலேயே அளந்தேன். எட்டு! என்னிடம் வருகிறவர்களையும் அளந்து பார்த்தேன். முன்னே பின்னே ஒரு விரல்தான் வித்தியாசம்.

உன் ஆட்களுக்குக் கண் நெற்றிக்குப் போய்விட்டது. கண் தலையின் சரிபாதியில் இருக்கிறது. தலைமுடியைக் கணக்கில் விட்டுவிடுகிறாய். உடம்பின் சரிபாதி தொப்புள் இல்லை, தொடைகள் பிரிகிற இடம். கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடுப்பு ஒடுங்கும் இடத்துக்கு வரும், மணிக்கட்டு தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடத்துக்கு வரும், விரல் நுனி தொடையின் நடுவுக்கு வரும். உன் கோல்காப்பாளருக்கு முழங்கை மார்பிலேயே முடிந்துவிட்டது. அவர் பந்தை எப்படிப் பிடிப்பார், பாவம்.

முதலில் சட்டை, காலணி, மீசை எதுவும் வேண்டாம். விலாக்கூட்டுக்கு ஒரு முட்டை, இடுப்புக்கு ஒரு கிண்ணம், இரண்டையும் சேர்க்க வளைந்த ஒரு கோடு. அப்படி நூறு ஆள் போடு. அப்புறம் எனக்கு எழுது.

இனிமேல் கடிதங்களைச் சிகிச்சை நிலையத்து முகவரிக்கே அனுப்பு. வீட்டுக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லை.

அண்ணனைக் கேட்டிருந்தாய். நலமாகத்தான் இருப்பார்.

அன்புடன்
அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணி,

எனக்குத் தலைகால் புரியவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. தலையும் புரிந்துவிட்டது, காலும் பாதி புரிந்துவிட்டது!

நூறு சொன்னீர்கள், நான் முந்நூறைத் தாண்டிவிட்டேன். காலையில் கடை திறக்கும் முன் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். பேருந்து வருவதற்குள் ஒரு ஆளைப் போட்டு முடிக்க வேண்டும், அதுதான் பந்தயம். முட்டை, கிண்ணம், கோடு. முட்டை, கிண்ணம், கோடு. முதலில் ஒரு ஆள் முடிவதற்குள் அவர் பேருந்தில் ஏறி உட்கார்ந்து சன்னலும் சாத்திவிடுவார். இப்போது அவர் சில்லறை தேடுவதற்குள் முடித்துவிடுகிறேன். ஒரு அம்மா பார்த்துவிட்டு, "என்னையா வரையறே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல முகமே இல்லையே?" என்றார். "முகம் அடுத்த மாசம்தான் வரும்மா" என்றேன். அவர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

காவலாளியையும் சாண் போட்டு அளந்தேன். ஏழே முக்கால்தான் வந்தது. "அந்தக் கால் சாண் எங்க போச்சு?" என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கை மட்டும் இன்னும் கை கொடுக்கவில்லை. ஐந்து விரலையும் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நட்டு வைக்கிறேன்.

ஒரு உதவி. எட்டு பேரில் முதல் ஆள் ஓட்டப் பந்தய வீரர். அண்ணன் கல்லூரியில் ஓடினவன்தானே? அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிப்போய் நாலு படம் எடுத்து அனுப்புங்கள். தொப்பை இருந்தாலும் பரவாயில்லை, நான் எடுத்துவிடுகிறேன். தங்கை வரைகிற முதல் சுவரில் அண்ணன் ஓட வேண்டாமா?

உங்கள்
சுண்டு


பிப்ரவரி 17

அன்புள்ள சுண்டு,

உன் முந்நூறில் நாற்பதை அனுப்பியிருந்தாயே, அதில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் பெண்ணை என் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அவளுக்கு முதுகு வலி இருக்கிறது. எந்த இடத்தில் என்றுகூட என்னால் சொல்ல முடியும். அவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறாய்!

நானும் சும்மா இருக்கவில்லை. இத்துடன் ஒன்பது படங்கள் இருக்கின்றன. ஒன்பதிலும் நான்தான். வரவேற்பு மேசைப் பெண் எடுத்தாள். எடுக்கும்போது அவள் சிரித்து ஆட்டியதில் இரண்டு படம் கலங்கிப்போச்சு.

முதல் மூன்றில் கையைத் தூக்குகிறேன், முதுகைப் பார். கை தோள் மூட்டிலிருந்து மட்டும் தூக்கப்படுவதில்லை. தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, முன்பக்கம் கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பு மேலே ஏறுகிறது. நீ புதிதாக அனுப்பிய கைப்பந்துக்காரி பொம்மை மாதிரி இருந்தாளே, காரணம் இதுதான். உடம்பை அப்படியே வைத்துவிட்டுக் கையை மட்டும் கழற்றி மேலே மாட்டியிருக்கிறாய்.

அடுத்த மூன்றில் ஒரு காலில் நிற்கிறேன். பாரம் தாங்குகிற காலின் பக்கம் இடுப்பு மேலே ஏறும். அந்தப் பக்கத் தோள் கீழே இறங்கும். இல்லாவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். மனிதர் நேராக நிற்பதே கிடையாது சுண்டு. எங்கோ ஒரு பக்கம் ஏறினால், சமாளிக்க இன்னொரு பக்கம் இறங்க வேண்டியிருக்கிறது.

கடைசி மூன்றும் கை. விரல் முட்டிகளைப் பார், நேர்கோட்டில் இல்லை, வில்லாக வளைந்திருக்கின்றன. புறங்கையில் நீளமாகத் தெரிகிற விரல், உள்ளங்கைப் பக்கம் பார்த்தால் குட்டையாகிவிடும். கையின் அளவு முகவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை. அறை வாங்கினவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்.

இந்த வாரம் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து நானும் வரைந்தேன். வீட்டில் இப்போது வேலை குறைவு. ஒன்றை அனுப்பியிருக்கிறேன், சிரிக்காதே. உனக்குச் சிவப்புப் பென்சில் எடுக்கும் உரிமை உண்டு.

ஓட்டப் பந்தயப் படத்துக்கு அவருக்கு நேரம் அமையவில்லை. வேறு யாரையாவது பார்க்கலாம்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணி,

ஏழு பேர் தேறிவிட்டார்கள்! ஏழு பேர்!

எஞ்சினியர் படங்களை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து நின்றுகொண்டே பார்த்தார். கைப்பந்துக்காரியைப் பார்த்ததும் தன் கையைத் தூக்கி, இன்னொரு கையால் தன் முதுகைத் தடவிப் பார்த்தார் அண்ணி. தோள்பட்டை எலும்பைத் தேடுகிறார்! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. கோல்காப்பாளருடைய விரலை எண்ணி, "அஞ்சும் இருக்கு" என்றார். அது நகைச்சுவையாம். நான் தேவைக்கு மேலேயே சிரித்தேன்.

அப்புறம் ஓட்டக்காரர். ரொம்ப நேரம் பார்த்தார். "இவர் ஓடலையேம்மா. பஸ்ஸுக்குக் கை காட்டிட்டு நிக்கிறார்" என்றார். பேருந்து நிலையத்திலேயே கிடந்து வரைந்தால் வேறென்ன வரும்! ஏப்ரல் கடைசிக்குள் அவரை ஓட வைத்துவிட்டால் முழுச் சுவரும் எனக்கு. இல்லாவிட்டால் வேறு ஓவியரைப் பார்ப்பாராம். ஏழு பேரையும் சேர்த்துத்தான்.

அண்ணி, அண்ணனை விடாதீர்கள். நேரமில்லை என்று தட்டிக் கழிப்பான், அவன் குணம் எனக்குத் தெரியாதா? "உன் தங்கச்சி பொழப்பே உன் காலில்தான் இருக்குது" என்று சொல்லுங்கள். காலை நேரம் ஒரு பத்து நிமிஷம் போதும்.

நீங்கள் வரைந்த நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்தேன். பென்சில் எடுக்கத் தேவையே இல்லை. கால் மட்டும் சின்னது. பாதம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளம் இருக்க வேண்டும். பார்த்தீர்களா, நானும் சொல்லிக்கொடுப்பேன்!

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுண்டு


மார்ச் 29

அன்புள்ள சுண்டு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஏழு பேருக்கும் என் வாழ்த்து. மிச்சமிருந்த ஒருவருக்காக நானே ஓடினேன்.

நம்ப மாட்டாய். நாற்பத்திரண்டு வயதில், காலை வேளையில், மேசைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போய், இறுக்கமான கால்சட்டையும் பனியனும் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆறு தடவை ஓடவிட்டாள் அந்தப் பெண். "இன்னும் ஒரு தடவை மேடம், இதில் கண்ணை மூடிட்டீங்க" என்று அதட்டல் வேறு. மைதானத்தில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெரியவர்கள் ஆறாவது தடவை கைதட்டினார்கள். மூச்சு வாங்கியது, முழங்கால் இரண்டும் முறையிட்டன. ஆனால் எவ்வளவு நாள் கழித்து ஓடுகிறேன் தெரியுமா? வீட்டுக்கு வந்தும் நெஞ்சு துள்ளிக்கொண்டே இருந்தது.

படங்களைப் பார். உன் ஓட்டக்காரர் செய்த தப்பு இரண்டு. வலது காலையும் வலது கையையும் சேர்த்து முன்னே வைத்திருக்கிறாய். வலது கால் முன்னே வந்தால் இடது கைதான் முன்னே வரும். அதனால் தோள் ஒரு பக்கம் திரும்ப, இடுப்பு எதிர்ப்பக்கம் திரும்பும். துணியைப் பிழிவது மாதிரி உடம்பு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில்தான் வேகம் இருக்கிறது.

இரண்டாவது, அவர் நேராக நிற்கிறார். ஓடுகிறவர் முன்னால் விழுகிறார் சுண்டு. விழப்போகும் நேரத்தில் ஒரு கால் வந்து தாங்குகிறது, உடனே மறுபடி விழுகிறார். நீ அவரைப் பத்திரமாக நிறுத்திவைக்கப் பார்க்கிறாய். தைரியமாக விழவிடு.

படத்தில் முகத்தை மட்டும் மாற்றிவிடு. ஓடுவது நான்தான் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணி,

படங்கள் கிடைத்தன. அருமையாக இருக்கின்றன.

நீங்கள் பதில் போடாத மூன்று வாரமும் அண்ணன்தான் படம் எடுக்க மறுக்கிறான் என்று நினைத்து அவன்மேல் கோபமாக இருந்தேன். நாலு வார்த்தை அவனிடமே கேட்டுவிடலாம் என்று முந்தாநாள் அவன் ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "அவரா? போன ஜூலையிலேயே மாற்றல் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரேம்மா. நீங்க யாரு பேசறது?" என்று கேட்டார்.

தங்கச்சி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வைத்துவிட்டேன்.

நீங்கள் எழுதுங்கள். உங்களிடமிருந்து தெரிந்துகொண்ட பிறகுதான் அவனிடம் பேசுவேன்.

சுண்டு


ஏப்ரல் 14

சுண்டுவுக்கு,

நானும் உன் அண்ணனும் போன ஜூலையில் பிரிந்துவிட்டோம். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நான் அந்த வீட்டைக் காலிசெய்துவிட்டுச் சிகிச்சை நிலையத்துக்கு மேல் மாடியில் ஒரு அறையில் இருக்கிறேன். தபால் ஒழுங்காக வருவதில்லை என்று எழுதியது பொய். அங்கே நான் இல்லை, உன் ஜனவரிக் கடிதத்தைக்கூடப் பழைய பக்கத்து வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. நான் பேசப் பேச அவருக்கு அலுத்துப்போனது, அவர் பேசாமல் இருக்க இருக்க எனக்கு ஆத்திரம் வந்தது. சாப்பிடும் நேரத்தைக்கூட இரண்டு பேரும் மாற்றிக்கொண்டோம். ஒரு நாள் அவர்தான் சொன்னார்: "நாம ரெண்டு பேரும் யாருக்காக இப்படி இருக்கோம்?"

உன்னிடம் யார் சொல்வது என்பதில்தான் தகராறு. "நீயே சொல்லிடு, உனக்குத்தான் அவகிட்ட பேச வரும்" என்றார். சொல்லத்தான் இருந்தேன். எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். ஜனவரியில் கண்டிப்பாக எழுதிவிடுவது என்று இருந்தபோது, பாக்கெட்டில் கை வைத்த எட்டு பேர் வந்து சேர்ந்தார்கள். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன். அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று தள்ளினேன், அதற்கடுத்ததிலும் தள்ளினேன். சொல்லிவிட்டால் உன் கடிதம் நின்றுவிடும் என்று பயம். நீ எனக்கு அவர் வழியாக வந்தவள். அந்த வழியே இல்லை என்றான பிறகு, எந்த முகத்தோடு உனக்கு முழங்கையும் மணிக்கட்டும் சொல்லிக்கொடுப்பது?

ஓட்டக்காரரை முடித்துவிடு. என் மேல் உள்ள கோபத்தில் அதை விட்டுவிடாதே. நீ பதில் போடாவிட்டாலும் நான் புரிந்துகொள்வேன்.

கீழே என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.


மே 27

அன்புள்ள அண்ணி, அண்ணி, அண்ணி,

மூன்று தடவை எழுதியிருக்கிறேன், நீங்கள் விட்டுவிட்ட கையெழுத்துக்கும் சேர்த்து.

ஆறு வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் பாதி கோபம், பாதி சாரம். முதலில் கோபத்தை முடித்துவிடுகிறேன்.

நீங்கள் பிரிந்ததற்குக் கோபம் இல்லை. அழுதேன், அது வேறு. அண்ணனிடம் போனில் பேசினேன். "அவ சொல்லியிருப்பான்னு நெனச்சேன்" என்றான். "ஒன்பது மாசமா நான் ஏன் அதைப் பத்திப் பேசலன்னு நீ யோசிக்கவே இல்லையா?" என்று கேட்டேன். அப்புறம், "நீ கோபமா இருக்கேன்னு நெனச்சேன். அதான் போன் பண்ணல" என்றான். எப்படி இருக்கிறது! உங்கள் இரண்டு பேருக்கும் எத்தனை பொருத்தம் இல்லையோ, வாயை மூடிக்கொள்வதில் மட்டும் பத்துக்குப் பத்து.

அவன் வழியாக வந்தவள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்குத்தான் கோபம். அப்பா அம்மா போன பிறகு, பதினாறு வயதில் பரீட்சைக்குப் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டவளை, கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிப் பேசியே எழுப்பிக் கூட்டிப்போனது யார்? அவனா? அவன் அன்றைக்கு ஆபீஸ் போய்விட்டான். எனக்கு நீங்கள் யார் வழியாகவும் வரவில்லை. நேராகத்தான் வந்தீர்கள். முடிந்தது கோபம்.

இனிமேல் சாரம்! அண்ணி, ஓட்டக்காரர் தேறிவிட்டார்! ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி கொண்டுபோய்க் காட்டினேன். எஞ்சினியர் படத்தைப் பார்த்ததும் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார், மேலே வந்து விழுந்துவிடுவார் என்று பயந்தது மாதிரி. "நாளைக்கே சாரம் கட்டச் சொல்றேன்" என்றார். வெளியே வந்து காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து சாரத்தின் மேல்தான் குடித்தனம். தாளில் ஒரு சாண் இருந்த ஆள் சுவரில் பதினைந்து அடி. கட்டம் போட்டுப் பெரிதாக்கினேன். முதலில் கோல்காப்பாளரை முடித்துக் கீழே இறங்கிப் பார்த்தால் தலை சுண்டைக்காயாகத் தெரிகிறது! ஏழரை கணக்குச் சரி, ஆனால் கண்ணுக்குச் சரியில்லை. அழப்போனேன். அப்புறம்தான் புத்தி வந்தது. உயரமான பலகை எழுதும்போது மேல்வரி எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகத்தானே எழுதுவோம், கீழே நிற்கிறவருக்குச் சமமாகத் தெரிவதற்காக? தலையையும் தோளையும் அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன். இறங்கிப் பார்த்தேன். நிமிர்ந்து நிற்கிறார் மனுஷர்! அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தேன்.

அண்ணனிடம் ஒரு படம் கேட்டேன். ஓடுகிற படம் இல்லையாம், இரும்புக் குண்டு எறியத் தயாராக நிற்கும் பழைய படம் ஒன்றை அனுப்பினான். ஏற்கெனவே வரைந்திருந்த குண்டெறிபவரை மாற்றி, அவனை எட்டாவது ஆளாக வைத்துவிட்டேன். முதல் ஆளாக ஓடுவது நீங்கள்தான், அதில் மாற்றமே இல்லை. நடுவில் ஆறு பேர் நிற்கிறார்கள், சண்டை வராது.

இப்போது அவசரமான விஷயம்: கணுக்கால். இரண்டு பக்கமும் எலும்பு ஒரே உயரத்தில் போட்டேன், காலுக்கு உருளை மாட்டின மாதிரி இருக்கிறது. உடனே சொல்லுங்கள்.

ஜூன் இருபத்தெட்டு திறப்பு. நீங்கள் வராமல் சுவரை மூடியிருக்கும் துணியை நான் விலக்க விடமாட்டேன். அண்ணன் அன்றைக்கு வர முடியாதாம், ஜூலையில் வந்து பார்க்கிறேன் என்றான்.

உங்கள், நேராக உங்கள்
சுண்டு


ஜூன் 4

என் சுண்டு,

உள்பக்கக் கணு எலும்பு மேலே, வெளிப்பக்கம் கீழே. ஆடுசதை அதற்கு நேர்மாறு: வெளிப்பக்கம் மேலே முடியும், உள்பக்கம் இறங்கி முடியும். இதை மட்டும் மாற்று, உருளை காலாகிவிடும்.

இதை முதலில் எழுதிவிட்டேன். ஏனென்றால் மற்றதை எழுத உட்கார்ந்தால் தாள் நனைகிறது.

இருபத்தெட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. மேசைப் பெண் சிகிச்சை நிலையத்துக்கு மூன்று நாள் விடுமுறை என்று பலகை எழுதி மாட்டிவிட்டாள். எழுத்து கோணல். வந்ததும் உன்னைக் கொண்டு ஒன்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கழுத்து எப்படி இருக்கிறது?

அன்புடன்
அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாயா? நீ கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அண்ணி ரயிலை விட்டு இறங்கியதும், "முகம் கழுவிட்டுப் போகலாம்" என்றேன். "சுவரைப் பாத்துட்டுக் கழுவறேன்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டியபடியே நேராக அரங்கத்துக்கு வந்தார். துணியை இன்னும் விலக்கவில்லை. காவலாளி எங்களுக்காக ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். துணிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் இரண்டு பேரும் நடந்து போனோம். ஒவ்வொரு ஆளுக்கு முன்னாலும் நின்று, அண்ணாந்து பார்த்து, தன் முழங்கையைத் தொட்டுப் பார்க்கிறார், இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார். எனக்குப் பரீட்சைத் தாள் திருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மாதிரி இருந்தது.

முதல் ஆளான ஓட்டக்காரியிடமே வாய் திறந்துவிட்டார். ஆமாம், ஓட்டக்காரி. கடைசியில் பெண்ணாகவே வரைந்துவிட்டேன், முகத்தையும் மாற்றவில்லை.

"நான் இவ்வளவு வேகமாவா ஓடினேன்?"

"இல்ல அண்ணி. ஆனா இப்படித்தான் சாஞ்சீங்க."

கடைசியில் உன்னிடம் வந்தார். நிறைய நேரம் நின்றார். நான் தள்ளியே நின்றேன். "இடது தோளைக் கொஞ்சம் இறக்கிப் போட்டிருக்கியே" என்றார். தப்பா என்று கேட்டேன். "இல்ல, அவருக்கு அப்படித்தான். சரியாப் பிடிச்சிருக்கே" என்றார். அவ்வளவுதான். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை அண்ணா. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் துணியை விலக்கினார்கள். பேச்சுகளை எல்லாம் விட்டுவிடுகிறேன். பேச்சு நடக்கும்போதே பிள்ளைகள் சுவரடிக்கு ஓடிவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் ஓட்டக்காரி மாதிரி சாய்ந்து நின்று பார்த்து, தொப்பென்று விழுந்தாள். உடனே எழுந்து மறுபடி சாய்ந்தாள். அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாரு, பாரு, எதிர்க்கை முன்னால வருது!" என்று கத்தினார். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார்.

முடிந்ததும் எஞ்சினியர் எங்களிடம் வந்தார். கிழக்குச் சுவரும் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டு, "இவங்க யாரு? உங்களுக்குச் சொந்தமா?" என்று என்னிடம் கேட்டார்.

நாலு ஊருக்குக் கேட்கும்படி சற்று முன்னால் கத்திய அண்ணி, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தச் சுவத்துல இருக்கிற எலும்புக்கெல்லாம் இவங்கதான் சார் சொந்தக்காரங்க" என்றேன்.

எஞ்சினியர் சிரித்தார். "அது சரிம்மா. உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

உன்னைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை, அண்ணா. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினியரின் காலைப் பார்த்து, "சார், வலது முட்டியில ரொம்ப நாளா வலி இருக்கில்ல? அந்தப் படியில உக்காருங்க, பாக்கறேன்" என்றார். அவரும் திறப்பு விழாச் சட்டையோடு படியில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார்.

ஜூலையில் வா. உன் தோளை நேரில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கை
சுண்டு